எக்கோ நார்மல் என்றால் அடைப்பு இல்லை என்று பொருளா? ஓடுகிறவர்களுக்கும் விளையாடுகிறவர்களுக்கும்

பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் விடிகிற நேரம் நடப்பவர்கள், ஓடுகிறவர்கள் பேச்சில் இந்த வரி அடிக்கடி விழும்: “எக்கோ எடுத்தாச்சு அண்ணாச்சி, அடைப்பு கிடைப்பு ஒண்ணுங் கிடையாது. இனி ஒரு வருசத்துக்குக் கவலையில்ல.” சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவர் கையில் இருக்கும் தாளில் ‘நார்மல்’ என்றுதான் அடித்திருக்கும். எக்கோ என்பது ஒலியை அனுப்பி இதயத்தைப் படம் பிடிக்கும் சோதனை. ஆனால் அந்தத் தாள் அடைப்பைப் பற்றிப் பேசவே இல்லை. சும்மா படுக்க வைத்து எடுக்கும் எக்கோவில் இதயக் குழாய் அடைப்பு நேரடியாகத் தெரியாது.

இதற்கு நேர் எதிரான குழப்பமும் உண்டு. வருடக் கணக்கில் நெடுந்தூரம் ஓடும் ஒருவருக்கு, எந்தத் தொந்தரவும் இல்லாமலே, ‘இதயம் பெரிதாகியிருக்கிறது’ என்று எக்கோவில் எழுதி வந்துவிடும். வீடே கலங்கிப் போகும். அவருக்கு இருப்பது பெரும்பாலும் நோயல்ல, பயிற்சியின் விளைவு. எக்கோ எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்று தெரிந்தால் இரண்டு குழப்பமும் தீரும்.

எக்கோ என்பது எதிரொலிதான்

உவரி, கூட்டப்புளி பக்கம் கடலுக்குப் போகிற படகுகள் சிலவற்றில் எக்கோ சவுண்டர் பார்த்திருப்பீர்கள். கருவி தண்ணீருக்குள் ஒலியை அனுப்பும். அது கடல்தரையிலோ மீன் கூட்டத்திலோ பட்டுத் திரும்பும். திரும்பி வர ஆன நேரத்தை வைத்து ஆழம் தெரியும். ஆஸ்பத்திரி எக்கோவும் இதே வேலைதான். நெஞ்சில் வைத்து நகர்த்தும் சோப்புக்கட்டி அளவுக் கருவிக்கு ‘புரோப்’ என்று பெயர். நம் காதுக்கு நொடிக்கு 20,000 அதிர்வு வரைதான் எட்டும். புரோப் அனுப்பும் ஒலி 20 லட்சம் முதல் 50 லட்சம் அதிர்வு வரை. உடலின் தசைக்குள் அது நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் போகிறது. கதிர்வீச்சு கிடையாது, ஊசி கிடையாது. 1953-ல் சுவீடனில் எட்லர், ஹெர்ட்ஸ் என்ற இருவர் இதயத்தை முதன்முதலில் இப்படிப் பார்த்தபோது கையாண்டது, கப்பல் கட்டும் தளத்தில் உலோகத்தில் விரிசல் தேடப் பயன்பட்ட கருவி.

ஒலிக்கு ஆகாதது காற்று. அதனால்தான் தோலுக்கும் புரோபுக்கும் நடுவில் காற்று நிற்காமல் ஜெல் தடவுகிறார்கள். நுரையீரலும் காற்றுப் பைதான். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்வதும், மூச்சை வெளியே விட்டு அப்படியே நிறுத்தச் சொல்வதும் நுரையீரலை விலக்கி இதயத்தை நெஞ்சுக்கூட்டின் அருகே கொண்டுவரத்தான். விலா எலும்பும் ஒலியை மறைக்கும்; அதனால் இரண்டு விலாக்களின் இடுக்கு வழியாகத்தான் பார்க்க முடியும். மார்புத் தசை தடித்தவர்களுக்கும் உடல் பருத்தவர்களுக்கும் அந்த இடுக்கு சரியாக அமையாமல் படம் மங்கலாகும்.

வயலைப் பார்க்கிறோம், வாய்க்காலை அல்ல

இதயம் ஒரு தசைப் பம்பு. உள்ளே எப்போதும் ரத்தம் நிறைந்திருந்தாலும் அது அந்தத் தசைக்குச் சாப்பாடு ஆகாது. மேற்பரப்பில் ஓடும் தனிக் குழாய்கள் வழியாகத்தான் இதயத் தசைக்கு ரத்தம் போகிறது. இவற்றைக் கரோனரி குழாய்கள் என்பார்கள். இடப்பக்கம் ஒன்று பிறந்து இரண்டாகப் பிரியும், வலப்பக்கம் ஒன்று. ஆக மூன்று முக்கியக் குழாய்கள். தொடக்கத்தில் 3 முதல் 4 மில்லிமீட்டர் விட்டம். போகப் போகச் சிறுக்கும். குழாய்ச் சுவருக்குள் கொழுப்பும் சுண்ணாம்பும் சேர்ந்து உள்வழி குறுகுவதைத்தான் அடைப்பு என்கிறோம்.

தாமிரபரணிப் பாசனத்தில் கன்னடியன் கால்வாயோ பாளையங்கால்வாயோ இருக்கிறதல்லவா? அதன் கடைமடை வயலில் நின்று பயிரைப் பாருங்கள். பயிர் பச்சையாக இருக்கிறது. கால்வாயில் எங்கே அமலைச் செடி அடைத்திருக்கிறது, எங்கே மண் தூர்ந்திருக்கிறது என்று அங்கே நின்றபடி சொல்ல முடியுமா? எக்கோ எடுப்பவரின் நிலை இதுதான். அவர் பார்ப்பது வயலை, அதாவது இதயத் தசையை. துடித்துக்கொண்டே இருக்கும் அந்த மெல்லிய குழாய்களை முழு நீளத்துக்கும் பின்தொடரவோ, உள்ளே இருக்கும் படிவைக் காட்டவோ நெஞ்சுக்கு மேலிருந்து வரும் ஒலிக்கு முடியாது.

ஒரு விதிவிலக்கு சொல்லிவிட வேண்டும். குழாய்கள் மகாதமனியிலிருந்து, அதாவது இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாயிலிருந்து, பிறக்கும் வாயை, நல்ல படம் கிடைத்தால், எக்கோவில் பார்க்கலாம். சிலருக்குப் பிறவியிலேயே குழாய் தவறான இடத்திலிருந்து கிளம்பி, இரண்டு பெரிய தமனிகளுக்கு நடுவே போகும். இளம் வீரர்கள் ஆட்டத்தின் நடுவே சரிந்து விழுவதற்கான காரணங்களில் இதுவும் ஒன்று. ஆகவே கபடி, ஹாக்கி ஆடும் பையன்களுக்கு எக்கோ எடுக்கும்போது, “இரண்டு கரோனரி வாயும் சரியான இடத்தில் இருக்கா?” என்று கேட்டு வாங்குவது வீண் கேள்வி ஆகாது.

இதுவரை: எக்கோ தசையையும் வால்வுகளையும் காட்டும். குழாய்க்குள் இருக்கும் அடைப்பைக் காட்டாது. அடைப்பால் தசைக்கு வந்த கேடு தெரிந்தால், அதை வைத்து அடைப்பை ஊகிக்கலாம்.

தாளில் என்ன எழுதியிருக்கிறது?

நம் ஊர் எக்கோ அறிக்கைகளில் பெரும்பாலும் மூன்று வரிகளைக் காணலாம்: ‘நோ ஆர்.டபிள்யூ.எம்.ஏ.’, ‘நார்மல் எல்.வி. ஃபங்ஷன்’, ‘இ.எஃப். 62%’.

எல்.வி. என்பது இடது கீழறை. உடம்பு முழுவதற்கும் ரத்தத்தைத் தள்ளும் அறை. இ.எஃப். என்பது அது ஒரு துடிப்பில் தன்னிடம் இருக்கும் ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு. ஆண்களுக்கு 52 முதல் 72, பெண்களுக்கு 54 முதல் 74 வரை இயல்பு. இது நூற்றுக்கு வாங்கிய மார்க் இல்லை. 62 என்றால் 38 மார்க் போய்விட்டதாகச் சிலர் வருத்தப்படுகிறார்கள். யாருக்குமே 100 வராது.

அடைப்பு விஷயத்தில் கவனிக்க வேண்டியது ஆர்.டபிள்யூ.எம்.ஏ. என்ற எழுத்துகள்தான். சுவரின் ஒரு பகுதி மட்டும் சரியாக அசையவில்லை என்று அதற்குப் பொருள். இடது கீழறையின் சுவரை 17 துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். ஒவ்வொரு துண்டும் துடிப்பின்போது உள்நோக்கி வர வேண்டும். கூடவே தடிக்கவும் வேண்டும். அப்படியானால் இயல்பு. குறைவாக வந்தால் ஒரு பெயர், வராமலே நின்றால் வேறு பெயர், எதிர்ப்பக்கமாகப் புடைத்தால் இன்னொரு பெயர். எந்தத் துண்டு எந்தக் குழாயின் பாசனம் என்பது ஏறக்குறையத் தெரிந்ததே. அதனால் முன்சுவரும் நுனியும் மந்தமானால் இடப்பக்கத்து முன் குழாய் மேல் சந்தேகம் போகும். கீழ்ச்சுவர் மந்தமானால் பெரும்பாலும் வலக் குழாய் மேல்.

முன்பே மாரடைப்பு வந்து தசை செத்திருந்தால், அந்தத் துண்டு மெலிந்து, பளிச்சென்று வெளுத்து, அசையாமல் நிற்கும். வலியே தெரியாமல் வந்துபோன மாரடைப்பும் இப்படிச் சிக்கும். சர்க்கரை நோயாளிகளிடம் இது நடப்பதுண்டு. தசை சாகவில்லை, வாய்க்கால் மட்டும் பாதி தூர்ந்திருக்கிறது என்றால்? தாளில் ‘நோ ஆர்.டபிள்யூ.எம்.ஏ.’ என்றுதான் வரும்.

படுத்திருக்கும்போது ஏன் பிடிபடுவதில்லை?

பிசான நெல் விளைந்து முற்றும் தறுவாயில் வாய்க்கால் பாதி அடைத்திருந்தாலும் கடைமடைக்குக் குறை தெரியாது. எல்லோரும் ஒரே வாரத்தில் தொழி கலக்கி நடவு போடட்டும். அப்போது தெரிந்துவிடும், எந்த மடைக்குத் தண்ணீர் எட்டவில்லை என்று.

இதயமும் அப்படித்தான். ஓய்வில் இதயத் தசைக்கு நிமிடத்துக்குச் சுமார் கால் லிட்டர் ரத்தம் போதும். முழுமூச்சாக ஓடும்போது அது மூன்று முதல் ஐந்து மடங்காக வேண்டும். கால் தசைக்கு அவசரம் வந்தால், வருகிற ரத்தத்திலிருந்தே கூடுதல் ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ளும். இதயத் தசையோ ஓய்விலேயே 70 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சிவிடுகிறது, கையிருப்பு கிடையாது. கூடுதல் ஆக்சிஜன் வேண்டுமானால் கூடுதல் ரத்தம் வந்தே ஆக வேண்டும்.

குழாயின் விட்டத்தில் பாதி அடைத்த பிறகுதான், அதுவும் கடும் உழைப்பில், ரத்தம் குறையத் தொடங்குகிறது. 70 சதவீத அடைப்பில் ஓடும்போது தட்டுப்பாடு வருகிறது. ஓய்விலேயே குறை தெரிய வேண்டுமென்றால் 85, 90 சதவீதம் அடைத்திருக்க வேண்டும். ஆகவே 75 சதவீத அடைப்பு உள்ளவர் படுத்த நிலையில் எக்கோ எடுத்தால் படம் அழகாக வரும்.

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. இடது கீழறைத் தசை சுருங்கும்போது தன்னுள் ஓடும் குழாய்களையே நெரித்துவிடுகிறது. அதனால் அதற்கு ரத்தம் பெரும்பாலும் துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே, தசை தளரும் நேரத்தில்தான் பாய்கிறது. முறை வைத்துத் தண்ணீர் விடுவது மாதிரி. நாடி 60 என்றால் ஒரு துடிப்புக்கு ஒரு நொடி. அதில் பெரும்பகுதி தளரும் நேரம். நாடி 180 ஆனால் மொத்தமே மூன்றில் ஒரு நொடி. தளரும் நேரம் அதில் பாதிகூட இல்லை. தேவை ஏறும் அதே வேளையில் முறைநேரம் சுருங்குகிறது. அடைப்புள்ள குழாய் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

விளையாட்டு வீரரின் இதயம் ஏன் பெரிதாகத் தெரிகிறது?

தினமும் ஓடுகிறவரின் இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் அதிக ரத்தத்தைத் தள்ளப் பழகுகிறது. அறை விரிகிறது, சுவர் கொஞ்சம் தடிக்கிறது, ஓய்வு நாடி 50, 45 என்று இறங்குகிறது. பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்குவதற்காக மாதக்கணக்கில் பளு பழகுகிறவருக்கு அறை விரிவதைவிடச் சுவர் தடிப்பது சற்றுக் கூடுதலாக இருக்கலாம். நீச்சல், சைக்கிள், கபடியில் இரண்டும் கலந்து வரும்.

அளவுகளைப் பார்ப்போம். இடது கீழறையின் உள்விட்டம் ஆண்களுக்குச் சுமார் 58 மில்லிமீட்டர் வரை இயல்பு. நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கு அது 60-ஐத் தாண்டலாம். சுவர்த் தடிப்பு பொதுவாக 6 முதல் 10 மில்லிமீட்டர். வீரர்களுக்கு 12 வரை வரலாம். 1991-ல் இத்தாலியில் 947 உயர்மட்ட வீரர்களை அளந்து பார்த்தபோது 13 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தவர்கள் 1.7 சதவீதம் பேர் மட்டுமே. அவர்களில் பெரும்பாலோர் துடுப்புப் படகு வீரர்கள். அவர்கள் எல்லோருக்கும் அறையும் கூடவே விரிந்திருந்தது. சுவர் 13-ஐத் தாண்டியிருக்கிறது, அறை மட்டும் சிறியதாகவே இருக்கிறது என்றால், பயிற்சி என்று சொல்லி விட்டுவிடக் கூடாது. பரம்பரையாக வரும் தசைத்தடிப்பு நோயைத் தேட வேண்டும்.

இவர்களுக்கு ஓய்வு இ.எஃப். 50, 52 என்று இறங்கி இருப்பதும் உண்டு. பெரிய அண்டாவிலிருந்து பாதியை மொண்டாலே வீட்டுக்குப் போதும் என்பது போல. சந்தேகம் தீர வழி, உழைக்க வைத்துப் பார்ப்பதுதான். நல்ல இதயமானால் இ.எஃப். விறுவிறுவென்று ஏறும்; தசை நோயுள்ள இதயம் ஏறாமல் திணறும். மூன்று மாதம் பயிற்சியை நிறுத்திவிட்டு மறுபடி அளந்தால் சுவர்த் தடிப்பு இறங்குகிறதா என்று பார்ப்பது இன்னொரு வழி. மாவட்டப் போட்டிக்குத் தயாராகிற பையனிடம் அதைச் சொல்லிச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டம்.

இதுவரை: பெரிய இதயம் என்பதும் அடைப்பு என்பதும் வேறு வேறு. வீரரின் இதயம் எல்லாப் பக்கமும் ஒரே சீராக வளர்கிறது, ஒரே சீராக அசைகிறது. அடைப்பு ஒரு பகுதியை மட்டும் முடக்கும்.

ஓட வைத்துப் பார்க்கும் எக்கோ

நடவு வாரத்தில் கடைமடையைப் போய்ப் பார்ப்பதற்கு ஈடான சோதனைக்கு ‘ஸ்ட்ரெஸ் எக்கோ’ என்று பெயர். இதயத்தை உழைக்க வைத்து, உழைப்புக்கு முன்னும் பின்னும் சுவர் அசைவை ஒப்பிடுவார்கள். ரத்தத் தட்டுப்பாடு வந்தால் கோளாறுகள் ஒரு வரிசையில் தோன்றுகின்றன: முதலில் தசை தளர்வதில் குறை, அடுத்து சுருங்குவதில் குறை, பிறகுதான் ஈ.சி.ஜி. மாற்றம், கடைசியில் நெஞ்சுவலி. ட்ரெட்மில்லில் ஈ.சி.ஜி. மட்டும் பார்க்கும் டி.எம்.டி. சோதனை மூன்றாவது படியைப் பிடிக்கிறது. ஸ்ட்ரெஸ் எக்கோ இரண்டாவது படியையே பிடித்துவிடும். வீரர்களின் ஈ.சி.ஜி. ஓய்விலேயே கொஞ்சம் வித்தியாசமாக இருப்பதால் டி.எம்.டி. அவர்களுக்குப் பொய்யாக ‘பாசிட்டிவ்’ காட்டுவதும் உண்டு. அந்த இடத்தில் சுவரை நேரில் பார்ப்பது தீர்ப்புச் சொல்லும்.

நடைமுறை இப்படி. மூன்று நான்கு மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிட வேண்டும். நாடியைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர், அதை நிறுத்த வேண்டுமா, எத்தனை நாள் என்று எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கேட்க வேண்டும். தானாக நிறுத்தக் கூடாது. முதலில் படுக்க வைத்து ஓய்வுப் படம் எடுப்பார்கள். மகாதமனி வால்வு மிகக் குறுகியிருப்பது போன்ற ஆபத்து தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள்.

பிறகு ட்ரெட்மில். வழக்கமான புரூஸ் முறையில் மூன்று நிமிடத்துக்கு ஒரு படி. முதல் படி மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகம், 10 சதவீத ஏற்றம், இரண்டாவது 4 கிலோமீட்டர், 12 சதவீதம், மூன்றாவது 5.5 கிலோமீட்டர், 14 சதவீதம். இப்படியே ஏறிக்கொண்டு போகும். முடிந்த கையோடு கட்டிலுக்குத் தாவி, இடப்பக்கம் திரும்பி, மூச்சை வெளியே விட்டுப் பிடிக்க வேண்டும். 60 முதல் 90 நொடிக்குள் எல்லாக் கோணமும் எடுத்துவிட வேண்டும். ஓய்வுப் படத்தையும் உழைப்புப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டுப் பார்ப்பார்கள். நல்ல சுவர் உழைப்புக்குப் பின் இன்னும் வேகமாக, இன்னும் தடித்துச் சுருங்கும், அறை சிறுக்கும். ஒரு துண்டு மட்டும் சோர்ந்து நின்றால் அந்த வாய்க்காலில் தடை. பல துண்டுகள் சோர்ந்து அறையே விரிந்தால் ஒன்றுக்கு மேற்பட்ட குழாய்களில் பெரிய அடைப்பு இருக்கலாம்.

ஓட முடியாதவர்களுக்கு டோபுட்டமின் என்ற மருந்தைச் சொட்டு சொட்டாக ஏற்றி நாடியை உயர்த்துவார்கள். ஓடத் தெரிந்த வீரரை ஓட வைப்பதே நல்லது. அவருக்குத் தொந்தரவு வருவது ஓடும்போதுதானே.

எங்கே தவறிப் போகிறது?

வீரர்களிடம் முதல் தவறு, சீக்கிரம் நிறுத்திவிடுவது. 220-லிருந்து வயதைக் கழித்து, அதில் 85 சதவீதம் வந்தால் போதும் என்பது பொது வழக்கு. 50 வயதுக்காரருக்கு அது 145 துடிப்பு. அவர் தினமும் 160-ல் ஓடிப் பழகியவர் என்றால் 145-ல் நிறுத்திய சோதனை அவருடைய கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. “இனி முடியாது” என்று அவர் சொல்லும்வரை ஓட விட வேண்டும். அறிக்கையில் எட்டிய நாடி, ஓடிய நிமிடங்கள் இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ‘நெகட்டிவ்’ என்ற சொல்லுக்கு எடை குறைவு.

இரண்டாவது, படம் எடுக்கத் தாமதமாவது. நல்ல பயிற்சி உள்ளவருக்கு ஓட்டம் நின்றதும் நாடி மளமளவென்று இறங்கும். கால் செருப்பைத் தேடி, துண்டால் வியர்வை துடைத்து, நிதானமாகப் போய்ப் படுத்தால் சோர்ந்த துண்டு அதற்குள் தேறிவிடும். சாய்ந்து படுத்தபடியே மிதிக்கும் சைக்கிள் இருந்தால் இந்தப் பிரச்சினை இல்லை. மிதிக்க மிதிக்கவே படம் எடுக்கலாம்.

மூன்றாவது, முந்தின நாள் நெடுந்தூரம் ஓடிவிட்டு வருவது. நீண்ட பந்தயத்துக்குப் பின் ஓரிரு நாள் இதயமே களைத்திருக்கும். வலது அறை தற்காலிகமாக விரிந்து காட்டும். சோதனைக்கு முந்தைய இரண்டு நாள் இலேசான நடையோடு விட்டுவிடுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் ஸ்ட்ரெஸ் எக்கோ பெரிய அடைப்பு உள்ள நூறு பேரில் ஏறக்குறைய 80, 85 பேரைத்தான் பிடிக்கும். பக்கவாட்டுச் சுவருக்குப் போகும் சிறு குழாயில் மட்டும் அடைப்பு என்றால் நழுவிப் போவது அதிகம்.

ஸ்ட்ரெஸ் எக்கோவும் நார்மல், அப்புறம்?

அப்போதும் ‘குழாய் சுத்தம்’ என்று சொல்லிவிட முடியாது. ரத்தத்தைத் தடுக்கும் அளவுக்கு அடைப்பு இல்லை என்பதே அதன் பொருள். 30, 40 சதவீதப் படிவு எந்த ஓட்டச் சோதனையிலும் தெரியாது. ஆனால் மாரடைப்புகளில் கணிசமானவை அப்படிப்பட்ட சிறு படிவு திடீரென்று வெடித்து, அதன் மேல் ரத்தம் உறைவதால் வருபவை. கால்வாய்க்கரை திடீரென்று சரிவது மாதிரி. முந்தின நாள்வரை தண்ணீர் தாராளமாகத்தான் போயிருக்கும்.

வாய்க்காலையே பார்க்க வேண்டுமானால் சி.டி. ஸ்கேன் வேண்டும். கால்சியம் ஸ்கோர் குழாய்ச் சுவரில் எவ்வளவு சுண்ணாம்பு படிந்திருக்கிறது என்று சொல்லும், சி.டி. ஆஞ்சியோ குழாயின் உள்வழியையும் படிவையும் காட்டும். இதில் ஒரு விசித்திரம்: பல ஆண்டுகள் கடுமையாக ஓடிய நடுவயது ஆண்களுக்கு, ஓடாத அதே வயதினரைவிடச் சுண்ணாம்புப் படிவு அதிகம் இருப்பதை 2017-ல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. சுண்ணாம்பாக இறுகிய படிவு வெடிக்கும் வாய்ப்புக் குறைவு என்பதால் இதை ஓட்டத்தின் கெடுதல் என்று சொல்லிவிட முடியாது. ‘நான் தினமும் பத்துக் கிலோமீட்டர் ஓடுறவன், எனக்கு அடைப்பு வராது’ என்ற நம்பிக்கைக்கும் இடமில்லை.

யாருக்கு எது?

35 வயதுக்குக் கீழே விளையாட்டில் இதயம் நின்றுபோவதற்குத் தசை நோய், துடிப்பை நடத்தும் மின்சாரத்தில் கோளாறு, குழாய் தவறிப் பிறத்தல் போன்றவை முக்கியக் காரணங்கள், அங்கே ஈ.சி.ஜி.யும் சாதாரண எக்கோவும் நல்ல தொடக்கம். 35-க்கு மேல் முதல் எதிரி கரோனரி அடைப்பு. அங்கே சாதாரண எக்கோவை மட்டும் நம்புவதில் பயனில்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம், புகை, கொழுப்பு, அப்பா அல்லது அண்ணன் தம்பிக்கு 55 வயதுக்குள் மாரடைப்பு, இவற்றில் எத்தனை இருக்கிறது என்று கணக்குப் பார்த்து, ஸ்ட்ரெஸ் எக்கோவா சி.டி.யா என்று டாக்டரோடு பேசி முடிவெடுங்கள். எந்தக் கோளாறும் இல்லாத, குடும்பத்திலும் இல்லாத ஒருவர் ஆசைக்காக எல்லாச் சோதனையும் செய்துகொண்டால் பொய்யான ‘பாசிட்டிவ்’ ஒன்று வந்து, ரத்தக் குழாய்க்குள் மெல்லிய குழல் விட்டுப் பார்க்கும் தேவையில்லாத ஆஞ்சியோ வரை இழுத்துச் செல்லும்.

வழக்கமான வேகத்தில் ஓடும்போது புதிதாக நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது தோளுக்கோ ஏறும் வலி, என்றும் இல்லாத மூச்சிரைப்பு, கண் இருட்டல் வந்தால் அந்தச் சுற்றையே முடிக்காமல் நில்லுங்கள். “வாயுதான், ஒரு சோடா குடிச்சா சரியாப் போவும்” என்று பக்கத்தில் இருப்பவர் சொல்வார். நின்றதும் விட்டுப்போகிற வலி என்றாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். சில நிமிடங்களில் விடாவிட்டால் பைக்கை எடுக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ஆஸ்பத்திரியில் முதல் பத்து நிமிடத்துக்குள் எடுக்க வேண்டியது ஈ.சி.ஜி. போன மாதம் எடுத்த எக்கோ தாளைக் காட்டலாம், ஆனால் அதில் ‘நார்மல்’ என்று இருப்பதைச் சொல்லி அந்த ஈ.சி.ஜி.யை வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.